வன்னியில் வரும் ஆண்டின் வீட்டுத்தோட்டம்: எதை, எப்போது, எவ்வளவு நடுவது?

வீட்டுத்தோட்டத்தைப் புதிதாகத் தொடங்க விரும்பும் பலர், தை பிறந்த பின்னரே அந்த ஆண்டில் எவற்றை நடலாம் என்று யோசிக்கத் தொடங்குகிறார்கள். வன்னியில் அது காலம் கடந்த யோசனை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய நான்கு மாவட்டங்களும் ஆண்டுக்கு 1750 மில்லிமீற்றருக்கும் குறைவான மழையைப் பெறும் உலர் வலயத்தைச் சேர்ந்தவை. அந்த மழையின் பெரும்பகுதியும் ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையான மூன்று மாதங்களுக்குள் பெய்து முடிந்துவிடுகிறது. ஆகவே இங்கு பயிரின் ஆண்டு, மாரி மழையை நம்பிச் செய்யும் காலபோக விதைப்போடு, புரட்டாசிக் கடைசியில் பிறக்கிறது. வரும் ஆண்டுக்கான திட்டத்தை ஆடியிலும் ஆவணியிலும், நிலம் வறண்டு கிடக்கும்போதே, வகுத்துக்கொள்ள வேண்டும்.

தையிலும் மாசியிலும் ஏறத்தாழ எல்லோருடைய வளவிலும் கத்தரியும் வெண்டியும் பயிற்றையும் காய்த்துக் குலுங்கும். அயலவருக்குக் கொடுத்தாலும் வாங்க ஆளிராது, சந்தையிலும் விலை விழுந்துவிடும். ஆனால் கிணறு வற்றும் ஆவணி, புரட்டாசியிலும், அடைமழை பெய்யும் கார்த்திகை, மார்கழியிலும் அதே வளவுகளில் கறிக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. நல்ல திட்டம் என்பது இந்த இரண்டு வெறுமைக் காலங்களிலும் சமையலறைக்கு எது வரும் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு, மற்ற மாதங்களை அதன் பின்னர் நிரப்புவதாகும். கீழே கூறப்படும் படிகள் அனைத்தும் இந்த நோக்கத்தையே பற்றியவை.

முதற்படி: கிணற்றைக் கணக்கெடுத்தல்

நிலத்தின் அளவு எவ்வளவு என்பதைவிட, ஆவணி மாதத்தில் கிணற்றில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதே தோட்டத்தின் எல்லையைத் தீர்மானிக்கிறது. ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி அடி அடியாக முடிச்சிட்டு, அதிகாலையில் கிணற்றில் இறக்கி நீரின் ஆழத்தைப் பாருங்கள். பின்னர் வழமைபோல இறைத்துவிட்டு, மாலையிலும் மறுநாள் காலையிலும் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 10 அடி குறுக்களவு கொண்ட வட்டக் கிணற்றில் ஓரடி நீர் என்பது 2000 லீற்றருக்குச் சற்று அதிகமாகும். வீட்டுத் தேவைக்கும் கால்நடைக்கும் வேண்டியதைக் கழித்துவிட்டு எஞ்சுவதே தோட்டத்துக்கு உரியது.

காற்றும் வெயிலும் கடுமையாக உள்ள மாதங்களில் மரக்கறிப் பாத்தி ஒன்றுக்குச் சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 லீற்றர் நீர் தேவைப்படும். ஒரு பேர்ச் நிலம் ஏறத்தாழ 25 சதுர மீற்றர். ஆகவே ஒரு பேர்ச் மரக்கறிக்கு 125 லீற்றர், அதாவது 10 லீற்றர் வாளியால் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று வாளி நீர் வேண்டும். மீள்குடியேற்றத்தின்போது பலருக்குக் கிடைத்த கால் ஏக்கர் காணி 40 பேர்ச், அல்லது நம்மவர் கணக்கில் நான்கு பரப்பு ஆகும். அந்த நாற்பதையும் கோடையில் நனைக்க முயல வேண்டாம். புதிதாகத் தொடங்குபவருக்கு மாரியில் நான்கைந்து பேர்ச்சும், கோடையில் அதில் ஒன்று அல்லது இரண்டும் போதும்.

இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, பாவற்குளம், கட்டுக்கரைக்குளம் போன்ற பெரிய குளங்களின் வாய்க்கால்களுக்கு அருகே வசிப்போருக்கு, கோடையில் குளத்து நீரால் செய்யும் சிறுபோகத்துக்கு நீர் திறக்கப்படும்போது கிணறும் ஊறும். அந்த நம்பிக்கையில் திட்டமிடுபவர், சிறுபோகத்துக்கு எவ்வளவு பரப்பில் நீர் வழங்கப்படும் என்ற முடிவை அறிந்த பின்னர் கோடைப் பாத்திகளின் எண்ணிக்கையைத் தீர்மானிக்க வேண்டும். மேலும், குறைந்தது ஒரு பேர்ச் நிலமாவது கையால் இறைத்து நனைக்கக்கூடியதாகக் கிணற்றுக்கு அருகிலேயே இருக்கட்டும். 2022 ஆம் ஆண்டில் எரிபொருள் கிடைக்காமல் நீரிறைக்கும் இயந்திரங்கள் ஓய்ந்து கிடந்ததை இங்கு எவரும் மறந்திருக்க முடியாது.

கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தால், பூநகரிப் பக்கத்திலும் கரையோரக் கிராமங்களிலும் இது பொதுவானது, போஞ்சியைத் தவிர்த்துவிடுங்கள். பீற்றூட்டும் தென்னையும் ஓரளவு உவர்ப்பைத் தாங்கும்.

இரண்டாம் படி: வளவைச் சுற்றி நடத்தல்

கையில் ஒரு கொப்பியுடன் காலையிலும் நண்பகலிலும் மாலையிலும் வளவைச் சுற்றி வாருங்கள். நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழும் இடங்களே காய்கறிக்கு உரியவை. மாமரத்தின் கீழும் வீட்டின் நிழலிலும் வல்லாரை, பொன்னாங்காணி, மஞ்சள், இஞ்சி ஆகியவை நன்றாக வரும்.

மண்ணை அறிய, ஓரடி ஆழத்தில் ஒரு குழி வெட்டி நீர் நிரப்பிப் பாருங்கள். முல்லைத்தீவுக் கரையோர மணலில் அது கண்ணெதிரே வற்றிவிடும்; அத்தகைய மண்ணுக்கு எருவும், ஈரம் காயாமல் மண்ணின்மேல் பரப்பும் மூடுபடையும் எவ்வளவு இட்டாலும் மிகையாகாது. வவுனியாவிலும் வன்னியின் உட்பகுதிகளிலும் காணப்படும் செங்கபில நிற மண் காய்ந்தால் கல்லாகவும் நனைந்தால் களியாகவும் மாறும் இயல்புடையது. குழியில் நீர் நெடுநேரம் தேங்கி நின்றால், அந்த இடத்தில் மாரிப் பயிரை ஓரடி உயர்த்திய பாத்தியில் மட்டுமே செய்ய வேண்டும். கத்தரியும் மிளகாயும் தக்காளியும் இரண்டு நாள் நீரில் நின்றாலே வேரழுகி வாடிவிடும்.

காற்றின் திசையையும் குறித்துக்கொள்ளுங்கள். வைகாசி தொடக்கம் ஆவணி வரை மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசும் கச்சானும் சோளகமும் மண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடும். எனவே மேற்கு வேலியை அடர்த்தியாக வளர்த்தால் காற்றும் பிற்பகல் வெயிலும் ஒருங்கே தணியும். கிளுவை, சீமைக்கிளுவை, பூவரசு, முள்முருங்கை ஆகியவற்றின் கதியால்களை மாரி மழையில் நட்டால் நீர் ஊற்றாமலே வேர்பிடிக்கும். அடுத்த வைகாசியில் வெட்டும் குழை பாத்திக்கு மூடுபடையாகவும் ஆட்டுக்குத் தீனியாகவும் பயன்படும்.

வேலியைப் பற்றி இன்னும் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் வன்னியில் தோட்டங்கள் நோயால் அழிவதைவிட வேலியில்லாமல் அழிவதே அதிகம் என்பது என் கருத்து. காலபோகம் தொடங்கியதும் வயல்களில் இருந்து விரட்டப்படும் கட்டாக்காலி மாடுகளுக்கு மேய்ச்சல் தரை இல்லாததால், அவை இரவில் வளவுகளுக்குள் புகுகின்றன. ஆகவே புரட்டாசிக்கு முன்னர் முட்கம்பியையும் படலையையும் திருத்தி முடித்துவிடுங்கள். காட்டை அண்டிய நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பகுதிகளில் பயிர்த் தெரிவே விலங்குகளைப் பொறுத்தது: மரவள்ளியையும் வற்றாளையையும் காட்டுப்பன்றி கிளறும் என்பதால் அவற்றை வீட்டுக்கு அருகில் நடுங்கள், யானை நடமாடும் இடங்களில் வாழையைக் காட்டுப் பக்க எல்லையில் ஒருபோதும் நட வேண்டாம், மயில் இளம் நாற்றைக் கொத்தும் என்பதால் நாற்றுமேடைக்கு வலை அவசியம். குரங்குகள் அதிகமாக உள்ள ஊரில் பாகல், மிளகாய், மஞ்சள், கறிவேப்பிலை ஆகியவற்றுக்கு முதலிடம் கொடுக்கலாம்.

போரினால் நெடுங்காலம் கைவிடப்பட்டிருந்த காணியில் புதிதாகக் குழி தோண்டுபவர்கள், இனங்காண முடியாத உலோகப் பொருள் எதையேனும் கண்டால் தொடாமலும் நகர்த்தாமலும் விலகி, பொலிசாருக்கோ கிராம அலுவலருக்கோ உடனே அறிவிக்க வேண்டும். அத்தகைய காணியில் குப்பைக்குத் தீ வைப்பதும் ஆபத்தானது.

மூன்றாம் படி: வீட்டார் எதை உண்கிறார்கள்?

ஒரு வாரத்துக்குச் சந்தையிலிருந்து என்னென்ன வாங்கப்படுகின்றன, அவற்றில் எவை மீந்து எறியப்படுகின்றன என்று எழுதி வையுங்கள். பிள்ளைகள் பாகற்காயைத் தொடாத வீட்டில் ஒரு பந்தலே அதிகம். உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் மரக்கறியும் பழமும் வேண்டும் என்கிறது. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு அது நாளொன்றுக்கு 1.6 கிலோ. இவ்வளவையும் முதலாண்டிலேயே வளவிலிருந்து பெற முடியாது. ஆனால் நாளாந்தம் சிறிதளவாகத் தேவைப்படும் பச்சைமிளகாய், கறிவேப்பிலை, தேசிக்காய், கீரை ஆகியவற்றை முழுமையாகப் பெறலாம். பத்து மிளகாய்ச் செடி, ஆறு கத்தரி, இருபது வெண்டி, ஒரு பயிற்றைப் பந்தல், ஒரு கறிவேப்பிலை, ஒரு தேசி, இரண்டு முருங்கை என்பது புதியவருக்கு ஏற்ற தொடக்கம்.

நான்காம் படி: மாதங்களை நிரப்புதல்

இனி ஒரு தாளில் பன்னிரண்டு மாதங்களையும் எழுதி, ஆவணி, புரட்டாசி, கார்த்திகை, மார்கழி ஆகிய நான்கையும் வட்டமிடுங்கள்.

கோடைக் கடைசியில், அதாவது ஆவணியிலும் புரட்டாசியிலும், நீர் ஊற்றி வளர்க்கும் மரக்கறியை நம்பியிருப்பது பயனற்ற பாடு. அந்த மாதங்களுக்கு உணவு தரவேண்டியவை முன்னரே மண்ணில் வேரூன்றியிருக்கும் மரங்களும் கிழங்குகளும், வீட்டில் சேமித்து வைத்தவையுமே. மரவள்ளித் தடிகளைப் புரட்டாசிக் கடைசி மழையில் ஒரு மீற்றர் இடைவெளியில் நட்டால், ஏழு தொடக்கம் பத்து மாதங்களில், அதாவது வைகாசியிலிருந்து ஆவணித் தொடக்கம் வரை, வேண்டியபோது ஒவ்வொரு மரமாகக் கிளப்பலாம். இந்தத் திட்டத்தில் நான் மிகவும் மதிக்கும் பயிர் இதுதான். கிணற்றிலிருந்து ஒரு வாளி நீர்கூடக் கேளாமல் மாரி ஈரத்தில் வேர்விட்டு, நம் கை வெறுமையாகும் நேரத்தில் கிழங்கைத் தருகிறது. முருங்கையும் அகத்தியும் வறட்சியிலும் இலை தரும். ஐப்பசியில் விதைத்த பூசணி தை, மாசியில் முற்றும். அதையும் நீற்றுப்பூசணியையும் காம்புடன் வெட்டி, காற்றோட்டமான இடத்தில் ஒன்றோடொன்று முட்டாமல் வைத்தால் சில மாதங்கள் கெடாது. தை, மாசியில் மிஞ்சும் கத்தரி, பாகல், மிளகாய் ஆகியவற்றை வற்றலாகவும் மோர்மிளகாயாகவும் இட்டு வையுங்கள். வெயில் அப்போது தாராளமாக உண்டு. கிணற்றடியிலும் குளிக்கும் இடத்திலும் வழியும் நீரை ஒரு சிறு வாய்க்காலால் வாழைக்குத் திருப்பிவிட்டால் ஆவணியிலும் வாழைக்காயும் பொத்தியும் கிடைக்கும்.

மாரி வெறுமைக்குத் தீர்வு வேறு. மழை விழுந்த பின்னர் விதைப்பவர்களுடைய வெண்டியும் பயிற்றையும் மார்கழிக் கடைசியிலும் தையிலும் காய்க்கின்றன. அப்போது ஊரெங்கும் அவையே இருக்கும். நீங்கள் புரட்டாசி நடுப்பகுதியிலேயே உயர்த்திய பாத்தியில் விதைத்து, மழை தொடங்கும்வரை கிணற்று நீரால் காப்பாற்றிவிட்டால், வெண்டி ஏறத்தாழ 45 நாளிலும் பயிற்றை 50 நாளுக்குச் சற்று அதிகமாகவும் எடுத்து, கார்த்திகைத் தொடக்கத்திலேயே காய்க்கத் தொடங்கும். கத்தரிக்கும் இதே முறை பொருந்தும்: ஆவணிக் கடைசியில் நாற்றுமேடையில் விதையிட்டு, நான்கைந்து வாரங்களில் நாற்றைப் பிடுங்கி, வரிசைக்கு 90, செடிக்கு 60 சென்ரிமீற்றர் இடைவெளியில் நட வேண்டும். கத்தரி மாசிக்குப் பின்னர் ஓய்ந்துவிட்டால் பிடுங்க வேண்டாம். கிளைகளைக் குறைத்து வெட்டி எருவிட்டால் மீண்டும் தளிர்த்துக் காய்க்கும். அடைமழையில் முளைக்கீரை அடிபட்டு அழுகும் என்பதால், கார்த்திகைக்குப் பசளி, கங்குன், வல்லாரை, பொன்னாங்காணி ஆகியவற்றை நம்புங்கள். பாகல், புடோல் போன்ற பந்தல் கொடிகளுக்குக் கடும் மழை உகந்ததல்ல. அவற்றை மார்கழிக் கடைசிக்குத் தள்ளிப்போடலாம். புயல் வரும் மாதங்களும் இவையே என்பதை மறக்க வேண்டாம்: 2020 டிசம்பரில் புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையைக் கடந்தது. ஐப்பசிக்குள் குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுத்து, வடிகால்களைத் துப்புரவாக்கிவிடுங்கள்.

எஞ்சிய மாதங்களை நிரப்புவது எளிது. தக்காளி, கறிமிளகாய், கோவா, பீற்றூட் ஆகியவற்றுக்குத் தையும் மாசியும் தரும் குளிர்ச்சி ஏற்றது. தக்காளி நாற்றைக் கூரையிட்ட மேடையில் கார்த்திகைக் கடைசியில் வளர்த்து, மழை தணிந்ததும் நடுங்கள். தையில் விதைக்கும் பயறும் கௌபியும் இரண்டு, இரண்டரை மாதங்களில் அறுவடையாகி மண்ணையும் வளப்படுத்தும். சித்திரையில் இடியுடன் வரும் சிறுமழையை நம்பி ஒரு பாத்தி கீரையும் ஒரு பாத்தி வெண்டியும் போடலாம். அதற்குப் பின்னர் கோடை வெண்டியில் வெண்ஈயால் பரவும் மஞ்சள் நரம்பு நோயும், மிளகாயில் இலைச்சுருளும் பெருகும். ஆகவே வைகாசியிலிருந்து பாத்திகளைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

தென்னை, மா, பலா, மாதுளை, தேசி போன்ற நிரந்தர மரங்களுக்கு ஐப்பசியே நடுகைக் காலம். குழியை ஆவணியிலேயே வெட்டி ஆறவிட வேண்டும். தென்னங்குழியின் அடியில் பொச்சுமட்டைகளை அடுக்கி மண்ணிட்டால் அவை கோடையிலும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். தென்னைக்கு 26 அடி இடைவெளி வேண்டும். கால் ஏக்கரில் ஆசைக்கு நிறைய நட்டுவிட்டால் ஐந்தாறு ஆண்டுகளில் மரக்கறிக்கு வெயில் கிடையாது.

ஐந்தாம் படி: பாத்திகளை மாற்றுதல்

மரக்கறி நிலத்தை நான்காகப் பிரித்து, ஒன்றில் கத்தரி, மிளகாய், தக்காளி. மற்றொன்றில் பயிற்றை, கௌபி, பயறு. மூன்றாவதில் வெண்டி, கீரை வகை. நான்காவதில் பூசணி, பாகல் போன்ற கொடிகள் என்று வகுத்து, ஆண்டுதோறும் ஒரு பாத்தி நகர்த்துங்கள். முதற் கூட்டத்தில் உள்ள மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால், ஒன்றின் பின் ஒன்றாக அதே மண்ணில் நட்டால் பக்டீரியா வாடலும் வேர்முடிச்சுப் புழுவும் நிலைத்துவிடும்.

ஆறாம் படி: விதையும் எருவும்

கூட்டெரு முதிர மூன்று மாதங்கள் ஆகும். புரட்டாசிக்கு எரு வேண்டுமானால் ஆனியில் குவியலைத் தொடங்க வேண்டும். சருகு, வைக்கோல், மாட்டெரு, குழை ஆகியவற்றை அடுக்கடுக்காக இட்டு ஈரம் காயாமல் மூடி வையுங்கள். 2021 இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது, கையில் எருக்குவியல் இல்லாதவர்களே அதிகம் தவித்தார்கள்.

விதையில் கலப்பினத்துக்கும் நாட்டினத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் புதியவர்கள் அறிந்திருக்க வேண்டும். கடையில் விற்கும் கலப்பின விதை முதற்போகத்தில் நன்றாகக் காய்த்தாலும், அதிலிருந்து எடுக்கும் விதை தாய்ச்செடியின் குணத்தைத் தராது. விவசாயத் திணைக்களம் பரிந்துரைத்த ‘திருநெல்வேலி பர்ப்பிள்’ கத்தரி, ‘ஹரித’ வெண்டி போன்றவற்றில் விதை எடுத்து மீண்டும் விதைக்கலாம். எம்.ஐ. என்று தொடங்கும் பெயருடைய பயறு, மிளகாய் இனங்கள் மகாஇலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தவை. அந்த நிலையமும் நம்மைப்போல உலர் வலயத்திலேயே உள்ளது. நோயற்ற செடியின் நடுப்பருவக் காய்களை முற்றவிட்டு, விதையை நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து இறுக்கமான போத்தலில் இடுங்கள். போத்தலில் பயிரின் பெயரையும் மாதத்தையும் ஒட்டி வையுங்கள். விதைப்பதற்கு இரண்டு வாரத்துக்கு முன்னர் இருபது விதைகளை ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். பதினான்குக்குக் குறைவாக முளைத்தால் வேறு விதை தேட இன்னும் நேரம் இருக்கும்.

ஏழாம் படி: குறிப்பும் ஆலோசனையும்

விதைத்த நாள், முதற்காய் பறித்த நாள், கிணற்றின் மட்டம், மழை விழுந்த நாட்கள் ஆகியவற்றைக் கொப்பியில் எழுதி வாருங்கள். மாத முடிவில் சந்தையில் வாங்க நேர்ந்த மரக்கறிகளையும் எழுதுங்கள். எந்த மாதத்தில் எது இல்லாமற் போனது என்பதை அந்தப் பட்டியல் காட்டும், அடுத்த திட்டத்தில் முதலில் நிரப்ப வேண்டியதும் அதுவே.

பயிரில் இனங்காண முடியாத நோய் கண்டால் மருந்துக் கடைக்கு ஓடுவதற்கு முன்னர், உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைச் சந்தியுங்கள், அல்லது 1920 என்ற இலக்கத்துக்கு அழைத்து விவசாயத் திணைக்களத்திடம் கேளுங்கள். நேரில் செல்லும்போது நோயுற்ற இலையோடு வேர்ப்பகுதியையும் மண்ணுடன் ஒரு பையிலிட்டு எடுத்துச் செல்ல வேண்டும். அந்த இடத்தில் அதற்கு முன்னர் எந்தப் பயிர் நின்றது என்பதைக் கட்டாயம் கேட்பார்கள் என்பதால், கொப்பியையும் உடன் கொண்டுசெல்லுங்கள்.